பிறவாதோர்க்கு அறக்கடன்: நச்சு வேதிப்பொருள்களும் கருவுயிரும் – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒருவர் மற்றொருவருக்கு இழைத்த தீங்கை ஆராய முற்படும்போது அறவியலும் சட்டவியலும் நான்கு கூறுகளைத் தேடுகின்றன. தீங்கு செய்தவர், தீங்குக்கு ஆளானவர், தீச்செயல், அச்செயலையும் விளைவையும் இணைக்கும் காரணத் தொடர்பு என்பன அவை. கொலை, களவு, பொய்ச்சான்று முதலிய பழங்குற்றங்கள் இச்சட்டகத்துள் அடங்கிவிடும். செய்தவர் இன்னார், துன்புற்றவர் இன்னார் எனச் சுட்டிக்காட்ட இயலும்.

கருவைத் தாக்கும் வேதிப்பொருள்களின் முன் இச்சட்டகம் தடுமாறுகிறது. தெளித்தவர், தயாரித்தவர், இசைவளித்தவர் எனச் செய்தவர் பலராகின்றனர். தீங்குக்கு ஆளானவர் செயல் நிகழ்ந்தபோது பிறந்திருக்கவில்லை. சிலர் கருவாகவும் உருப்பெற்றிருக்கவில்லை. செயலோ பெரும்பாலும் சட்டத்தின் ஒப்புதல் பெற்றது. விளைவு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. வெளிப்படும்போது அதற்கு வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. முறையிட வேண்டியவர் முறையிட இயலாதவராக இருக்கும் நிலையில் அறக்கடன் யார்மேல், எப்போது, எவ்வளவு சான்றின்பேரில் எழுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. மினமட்டா, காசர்கோடு, போபால் ஆகிய இடங்களின் பட்டறிவும் தமிழ் அற இலக்கியங்களின் சில கருத்துகளும் இவ்வினாவுக்கு விடை காணத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

அளவும் பருவமும்

நச்சியலின் பழைய விதி அளவைப் பற்றியது. எப்பொருளும் நஞ்சாகக்கூடும், அளவே அதனை நஞ்சாக்குகிறது என்னும் கருத்து 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ் பெயரால் வழங்கி வருகிறது. அளவு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் தமிழ் வழக்கும் இதனையே கூறும். இவ்விதி வளர்ந்த உடலை மனத்திற்கொண்டு எழுந்தது. கருவைப் பொறுத்தவரை அளவோடு பருவமும் சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் பட்டறிவு உணர்த்திற்று.

தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. 1961 நவம்பரில் அங்குத் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கைகால் குறைகளோடும் பிற உறுப்புக் குறைகளோடும் பிறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. உண்ட தாய்க்கு அம்மருந்து நல்லுறக்கம் தந்தது. கருவுற்ற ஏறத்தாழ 20ஆம் நாள் முதல் 36ஆம் நாள் வரையிலான சிறு இடைவெளியில் உட்கொள்ளப்பட்ட ஒரு மாத்திரையும் கருவின் உறுப்புகளைக் குலைக்கப் போதுமானதாயிற்று. பெண்களுள் பலர் தாம் கருவுற்றிருப்பதையே அறியாத நாள்கள் அவை.

டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனின் வரலாறு காலத்தின் மற்றொரு கூறைக் காட்டுகிறது. கருச்சிதைவைத் தடுக்கும் என்னும் நம்பிக்கையில் 1940கள் முதல் அமெரிக்காவில் இது கருவுற்ற பெண்களுக்குத் தரப்பட்டது. இதனால் பயனில்லை என 1953இல் சிகாகோவில் நடந்த ஆய்வு காட்டியும் வழக்கம் நிற்கவில்லை. இளம்பெண்களிடம் காணப்பட்ட அரிய புற்றுநோய் ஒன்றுக்கும், அவர்கள் கருவிலிருந்தபோது தாயர் உட்கொண்ட இம்மருந்துக்கும் தொடர்பிருப்பதை 1971இல் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் வெளிப்படுத்தினர். பிறந்தபோது நலமாகத் தோன்றிய குழந்தை பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் நோயுற்றது.

உடலின் ஹார்மோன்களைப் போல நடித்தோ அவற்றைத் தடுத்தோ செயற்படும் வேதிப்பொருள்கள் பல என்பதைத் தியோ கோல்பார்ன் முதலிய அறிவியலாளர்கள் 1991இல் அமெரிக்காவின் விங்ஸ்பிரெட் கூட்டத்தில் தொகுத்துரைத்தனர். ஹார்மோன்கள் மிக நுண்ணிய அளவிலேயே உடலை இயக்குவன. ஆதலின் மிகக் குறைந்த அளவு தீங்கற்றது என்னும் முடிவு இவ்வகைப் பொருள்களுக்கு எப்போதும் பொருந்துவதில்லை. மேலும் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் கருமுட்டைகளின் மூலச் செல்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. எனவே கருவுற்ற பெண் ஒருத்தியை ஒரு நஞ்சு தீண்டும்போது தாய், சேய், சேயின் சேய்க்குரிய வித்து ஆகிய மூன்று தலைமுறைகளை அது ஒரே நாளில் தீண்டக்கூடும்.

நஞ்சுக்கொடி தந்த பாடம்

தமிழில் நஞ்சு என்னும் சொல் விடத்தைக் குறிக்கும். மகப்பேற்றின்போது குழந்தைக்குப் பின் வெளிப்படும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். தாயின் உடலிலுள்ள நச்சுப் பொருள்களைக் குழந்தையை அணுகவிடாமல் நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. ஜப்பானின் மினமட்டா நகரில் அந்நம்பிக்கை தகர்ந்தது.

சிசோ நிறுவனத்தின் ஆலைக் கழிவோடு கடலில் கலந்த மெத்தில் பாதரசம் மீன்களின் வழியாக மக்களை அடைந்தது. 1956இல் அந்நோய் முறைப்படி அறியப்பட்டது. அப்பகுதியில் மீனையே உண்டிராத பச்சிளங்குழந்தைகள் பலர் நரம்புக் குறைகளோடு காணப்பட்டனர். அவர்களுடைய தாயரிடம் நோய்க்குறிகள் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தன. தாய்க்கு வராத நோய் சேய்க்கு எவ்வாறு வரும் என்னும் வாதத்தால் அக்குழந்தைகள் நீண்டகாலம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1962இல்தான் அது கருவிலேயே நேர்ந்த பாதரச நோய் என ஏற்கப்பட்டது.

குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர் ஹராதா மசாசுமி, குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேழையில் பேணும் ஜப்பானியக் குடும்ப வழக்கத்தைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். பேணப்பட்ட கொடிகளில் பாதரசம் அளக்கப்பட்டது. அன்பின் நினைவாக வைக்கப்பட்ட பொருளே நஞ்சு சென்ற வழிக்குச் சான்றாயிற்று. நஞ்சுக்கொடி தாயின் குருதியிலிருந்து பாதரசத்தைச் சேய்க்கு மாற்றித் தாயின் சுமையை ஓரளவு குறைத்திருந்தது என்பதும் விளங்கிற்று. தாயரிற் சிலர் தம் நோயைத் தம் குழந்தை ஏற்றுக்கொண்டதாகக் கருதினர். அறவியல் நோக்கில் இது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. வளர்ந்தோரின் உடல்நலத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் எந்தக் கணக்கும் குழந்தைக்கு மாற்றப்பட்ட சுமையைக் காணத் தவறும் என்பதை இது காட்டுகிறது.

காசர்கோடு: ஐயத்தின் விலை

கேரளத்தின் வடகோடியிலுள்ள காசர்கோடு மாவட்டத்தில் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் 4,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைந்தவை. தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியை அழிக்க 1970களின் பிற்பகுதி முதல் 2000 டிசம்பர் வரை எண்டோசல்பான் ஹெலிகாப்டர் வழியாகத் தெளிக்கப்பட்டது. தோட்டங்கள் குன்றுகளின் மேல் உள்ளன. வீடுகள் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் உள்ளன. குன்றைக் கிடைமட்டமாகக் குடைந்து நீர் வருவிக்கும் சுரங்கம் என்னும் அமைப்பே பல குடும்பங்களின் நீர்நிலை. கிணற்றை மூடிவைக்கலாம், குன்றின் உள்ளிருந்து வழிந்துவரும் நீரை மூடிவைக்க இயலாது.

குறைபட்ட கால்களோடு கன்றுகள் பிறந்ததைக் கண்டு இதழாளர் ஸ்ரீபத்ரே 1979இலேயே இது குறித்து எழுதினார். வேளாண்மைத் துறையில் பணியாற்றிய லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றத்தை நாடினார். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் மேற்கொண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு, தோட்டத்தின் அடிவாரத்தில் வாழ்ந்த 10 முதல் 19 வயது வரையிலான 117 சிறுவர்களையும், நஞ்சுக்கு ஆளாகாத பகுதியைச் சேர்ந்த 90 சிறுவர்களையும் ஒப்பிட்டது. எண்டோசல்பான் சிறுவர்களின் பருவமுதிர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும், பாலியல் ஹார்மோன் உருவாக்கத்தில் குறுக்கிடக்கூடும் என அவ்வாய்வு தெரிவித்தது. ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை சிறிது என்பதையும் ஆய்வாளர்களே குறித்திருந்தனர்.

இவ்வரையறையைத் தொழில்துறை சார்ந்தோரும் வேறு சிலரும் பற்றிக்கொண்டனர். அப்பகுதியில் காணப்பட்ட பிறவிக் குறைகளுக்கும் எண்டோசல்பானுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்னும் வாதம் தொடர்ந்தது. ஒன்றுக்கொன்று முரணான குழு அறிக்கைகளும் வந்தன. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் குறிப்பிட்ட குறைக்கு ஒரு குறிப்பிட்ட தெளிப்பே காரணம் என மெய்ப்பித்தல் மிக அரிது என்பது உண்மையே. அறிவியல் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நீதிமன்றமோ தனிமனிதரைப் பற்றிக் கேட்கிறது. நூறு குழந்தைகளுள் இத்தனை பேருக்குக் கூடுதலாகத் தீங்கு நேர்ந்தது எனக் கூற இயலும்போதும் அவர்கள் யார் யார் எனக் கூற இயலாமற் போகலாம்.

2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் எண்டோசல்பானை ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. அவ்வாண்டு மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதன் உற்பத்திக்கும் பயன்பாட்டுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ரூ. 5 லட்சம் மூன்று மாதங்களுக்குள் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. 2022 மே மாதம் இவ்வழக்கு மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்தபோது 3,704 பேருள் 8 பேருக்கே அத்தொகை வழங்கப்பட்டிருந்தது என்பது தெரியவந்தது. காரணத் தொடர்பு பற்றிய ஐயத்திற்கு விலை உண்டு என்பதும், அவ்விலையை ஐயுறுவோர் செலுத்துவதில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன.

பிறவாதவர் தீங்குறல் கூடுமா

இல்லாத ஒருவருக்குத் தீங்கு இழைக்க இயலுமா என்பது மெய்யியலார் எழுப்பும் தடை. டெரிக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் இத்தடையைக் கூர்மையாக முன்வைத்தார். ஒரு செயல் நிகழாதிருந்தால் குறிப்பிட்ட மனிதர் பிறந்தே இருக்கமாட்டார் என்னும் நிலையில், அச்செயலால் அவர் முன்னைவிட இழிந்த நிலையை அடைந்தார் எனக் கூறுவது எவ்வாறு? வேறு நாளில் கருவுற்றிருந்தால் வேறு குழந்தையன்றோ பிறந்திருக்கும்?

இத்தடை கருப்பையில் வளரும் உயிரைப் பொறுத்தவரை செல்லாது. கருவான பின் நஞ்சு தீண்டாதிருப்பின் அதே குழந்தை நலத்தோடு பிறந்திருக்கும், ஒப்பீட்டுக்கு இடமுண்டு. கருவாகுமுன் பெற்றோரின் வித்தைத் தாக்கும் நஞ்சிலேயே சிக்கல் எழுகிறது. அங்கும் விடை இல்லாமலில்லை. ஊர்ப் பொதுக்கிணற்றில் மெல்லக் கொல்லும் நஞ்சை இட்டவன், பத்தாண்டு கழித்து அந்நீரைப் பருகும் சிறுவன் தான் நஞ்சிட்ட நாளில் பிறந்திருக்கவில்லை எனக் கூறித் தப்ப இயலாது. பருகப்போவது யார் என்பதை அவன் அறியவேண்டியதில்லை. யாரோ ஒருவர் பருகுவார் என அறிந்ததே அவனைக் கடமைப்பட்டவனாக்கப் போதுமானது. கடமை குறிப்பிட்ட மனிதரை நோக்கியே எழவேண்டும் என்பதில்லை. வரவிருக்கும் எவரையும் நோக்கி எழக்கூடும்.

இதனினும் கடினமானது எவருமே பிறவாத நிலை. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரோப் ஆலையில் டி.பி.சி.பி. என்னும் மண்புழு நோய்க்கொல்லியல்லாத, வேர்ப்புழுக்களை அழிக்கும் நஞ்சைக் கையாண்ட ஆண் தொழிலாளர்கள், தமக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதை ஒருவரோடொருவர் பேசி உணர்ந்தபோதே அந்நஞ்சு ஆண்மலட்டுத்தன்மை விளைத்தமை வெளிப்பட்டது. எண்ணிக்காட்டத் தீங்குற்ற குழந்தை எதுவும் அங்கில்லை. ஆயினும் தீங்கு இல்லை என எவரும் கூறார்.

இந்தியச் சட்டம் சொத்துரிமையில் இதனை முன்னரே உணர்ந்துள்ளது. தந்தை இறக்கும்போது கருவிலிருந்து பின்னர் உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு, முன்னரே பிறந்திருந்தாற்போன்ற மரபுரிமையை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வழங்குகிறது. நிலத்திற்கும் பொன்னிற்கும் உரிமையாளராக எண்ணப்படும் கருவுயிர், தன் கைகால்களுக்கும் மூளைக்கும் உரிமையாளராக எண்ணப்படாமை முரண் எனலாம்.

தமிழ் அறமரபில் கருவும் முன்னறிவிப்பும்

கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாடல் கொடுஞ்செயல்களை வரிசைப்படுத்துகிறது. ஆவின் மடியை அறுத்தலும் மகளிரின் கருவைச் சிதைத்தலும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. அத்தகையோர்க்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு அதுவும் இல்லை என்பது பாடலின் கருத்து. நன்றி மறத்தலின் கொடுமையை உணர்த்தப் புலவர் தேடிய ஒப்புமைகளுள் கருச்சிதைத்தல் ஒன்றாக அமைந்தமை, அக்காலச் சமுதாயம் அதனை எத்தகு கொடுமையாகக் கருதிற்று என்பதைப் புலப்படுத்தும். அப்பாடல் கழுவாயைக் குறிப்பிடுவதும் கருதத்தக்கது. இழப்பீடு இக்காலக் கழுவாய். கழுவாய் தீங்குக்குப் பின்னர் வருவது. அதுவும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்பதைக் காசர்கோட்டுக் கணக்கு காட்டுகிறது.

தீங்குக்கு முன்னர் வருவது முன்னறிவிப்பு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாடல், போர் தொடங்குமுன் ஆவினம், அந்தணர், பெண்டிர், பிணியுடையோர், மகப்பேறு எய்தாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடம் நாடுமாறு அறிவிக்கும் முறையைப் போற்றுகிறது. இந்தியாவின் 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளும் வான்வழித் தெளிப்புக்கு 24 மணி நேரத்திற்குக் குறையாத முன்னறிவிப்பு வேண்டும் எனக் கூறுகின்றன. ஈராயிரம் ஆண்டு இடைவெளியிலும் இரண்டின் அடிப்படை ஒன்றே: எளியோர் விலகிக்கொள்ள வாய்ப்புத் தருதல்.

அவ்வடிப்படையின் எல்லையும் இங்கே வெளிப்படுகிறது. முன்னறிவிப்பு செவியுடையோர்க்கும் காலுடையோர்க்கும் உரியது. கருவுயிர் கேளாது, கேட்பினும் விலகிச் செல்ல அதற்கு வேறிடம் இல்லை. ஒரு நாள் ஒதுங்கியிருந்த தாய் மறுநாள் அதே நீரைப் பருகவேண்டியவளாகிறாள். பிறர்க்கு அறிவித்தலோடு நிறைவுறும் கடமை, பிறவாதவரைப் பொறுத்தவரை, செயலையே தவிர்க்கும் கடமையாக விரிவுறுகிறது. அறிவிப்பைப் பெற இயலாதவர் இருக்குமிடத்தில் அறிவித்தேன் என்பது விடையாகாது.

ஊழும் தாய்ப்பழியும்

காரணம் அறியப்படாத துன்பத்தை ஊழின்மேல் ஏற்றுதல் மக்கள் வழக்கு. காசர்கோட்டுச் சிற்றூர்களிலும் தெய்வத்தின் சினமே குழந்தைகளின் குறைக்குக் காரணம் என எண்ணியோர் இருந்தனர். அம்பிகாசுதன் மாங்காடு 2009இல் வெளியிட்ட ‘என்மகஜே’ என்னும் மலையாளப் புதினம் இந்நம்பிக்கையையும் அதன் பின்னிருந்த நஞ்சையும் கதைப்பொருளாக்கியது. ஊழ் என்னும் கருத்து துன்புற்றோர்க்கு ஆறுதல் தரலாம். ஆனால் துன்பத்திற்குக் காரணமானோர் அதனைக் கேடயமாகக் கொள்வது வேறு. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தபோதும் தீவினையச்சம், இன்னா செய்யாமை ஆகிய அதிகாரங்களை விலக்கவில்லை. தன் செயலுக்குப் பொறுப்பேற்பதை ஊழ் நீக்குவதில்லை என்பது அந்நூலமைப்பாலேயே பெறப்படும்.

ஊழுக்கு அடுத்துப் பழி சென்று சேரும் இடம் தாய். என்ன உண்டாள், எங்கே சென்றாள், எதனைத் தவிர்க்கவில்லை என்னும் வினாக்கள் அவளையே சூழ்கின்றன. கருவைக் காத்தல் என்னும் நன்னோக்கமும் பெண்ணுக்கு எதிராகத் திரும்பக்கூடும். அமெரிக்காவின் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்னும் மின்கல நிறுவனம், ஈயம் கருவுக்குத் தீங்கு தரும் எனக் கூறி, கருவுறும் நிலையிலுள்ள பெண்கள் அனைவரையும் ஈயம் கையாளும் பணிகளிலிருந்து 1982இல் விலக்கியது. ஈயம் ஆணின் இனப்பெருக்கத் திறனையும் பாதிக்கும், ஆண்கள் விலக்கப்படவில்லை. ஈயத்தைக் குறைப்பதற்கு மாற்றாகப் பெண்ணைக் குறைத்த இவ்விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991இல் செல்லாதென அறிவித்தது.

இதிலிருந்து பெறப்படும் கருத்து தெளிவானது. கருவுயிர்க்குரிய அறக்கடன் தாய்க்கு எதிரான உரிமையன்று. தாயும் சேயும் ஒரே காற்றையும் நீரையும் பகிர்வோர். நஞ்சின் முன் ஒரே பக்கத்தில் நிற்போர். கடன் நஞ்சைப் பரப்புவோர்மேல் விழவேண்டியது. உடலில் நஞ்சைச் சுமக்க நேர்ந்தவள்மேல் அன்று.

குறையைச் சொல்லும் மொழி

நஞ்சுக்கு எதிராகப் பேசுவோரும் ஓர் அறச்சிக்கலை எதிர்கொள்கின்றனர். தீங்கின் கொடுமையைக் காட்டக் குறையுற்ற குழந்தைகளின் படங்களே சான்றாக முன்வைக்கப்படுகின்றன. இவ்வாறு பிறத்தல் பெருங்கேடு என உரக்கக் கூறும்போது, இவ்வாறு பிறந்தவர் தம் வாழ்வே கேடு என அதனைக் கேட்க நேர்கிறது.

தமிழ் மரபில் இருவேறு குரல்கள் உண்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், பார்வையின்மை, கூன், குறள் வடிவம், பேச்சின்மை, செவியின்மை முதலிய எண்வகைப் பிறப்புகளைப் பயனற்ற எச்சங்களாகத் தொகுக்கிறது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரமோ, பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, முயற்சியின்மையே பழி என்னும் கருத்தைத் தருகிறது. ஈண்டுப் பொறி என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். உறுப்பு எனக் கொள்ளும் உரைகளும் உண்டு. எவ்வாறு கொள்ளினும், தன் தேர்வால் வாராத ஒன்றிற்காக ஒருவரை இகழ்தல் தகாது என்பது துணிவு.

தீங்கு வேறு, தீங்குற்றவரின் மதிப்பு வேறு. காலை முறித்தவன் குற்றவாளி எனக் கூறுவதால் கால் முறிந்தவரின் வாழ்வு மதிப்பிழந்ததாகாது. நஞ்சால் நேர்ந்த குறை நேராதிருக்க வேண்டியது. அக்குறையோடு வாழ்பவர் கல்வி, மருத்துவம், துணை ஆகியவற்றோடு முழுமதிப்புடன் வாழவேண்டியவர். இவ்விரண்டையும் ஒருங்கே கூறும் மொழியே அறத்திற்கு ஏற்ற மொழியாகும்.

மெய்ப்பித்தல் யார் கடன்

தமிழில் மெய் என்னும் சொல் உண்மையையும் உடலையும் குறிக்கும். தீங்கு மெய்ப்பிக்கப்படும் வரை நஞ்சு தொடரட்டும் எனக் கூறும்போது, மெய்ப்பிப்பது யாருடைய மெய் என வினவவேண்டியுள்ளது. கருவைத் தாக்கும் நஞ்சினைப் பொறுத்தவரை முழுமையான சான்று என்பது போதிய எண்ணிக்கையில் குழந்தைகள் தீங்குற்ற பின்னரே கிடைக்கும். அச்சான்றுக்குக் காத்திருத்தல் நடுநிலை போலத் தோன்றும். ஆயினும் அது குழந்தைகளை அவர்தம் இசைவின்றி ஆய்வுப் பொருளாக்கும் முடிவாகும்.

மெய்ப்பிக்கும் பொறுப்பை இடமாற்றுதல் இதற்கு ஒரு வழி. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகளால் நேர்ந்த மாசு தொடர்பாக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அறிவியல் உறுதி இன்மையைக் காரணங்காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது. தம் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு அச்செயலைச் செய்வோருடையது என்பன அதன் கூறுகள்.

எதிர்வாதம் ஒன்றையும் எண்ணவேண்டும். ஐயத்தின்பேரில் எல்லாவற்றையும் தடுத்தால் பயிர் அழியும், மலேரியா பெருகும், வறியோர் உணவிழப்பர் எனக் கூறப்படுகிறது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. முன்னெச்சரிக்கை என்பது எல்லாவற்றையும் தடுத்தல் அன்று. பயனின் அளவு, மாற்று வழியின் இருப்பு, தீங்கு மீட்கத்தக்கதா மீட்கவியலாததா என்னும் வேறுபாடு ஆகியவற்றை நிறுத்துப் பார்த்தலே அது. ஒரு பருவத்து விளைச்சல் இழப்பை அடுத்த பருவம் ஈடுசெய்யலாம். கருவில் உறுப்பு உருவாகும் பருவம் மீண்டும் வாராது.

ஜெர்மானிய மெய்யியலார் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட பொறுப்பு குறித்த நூலில், பச்சிளங்குழந்தையைப் பொறுப்பின் மூலப் படிவமாகக் காட்டினார். இருவர்க்கிடையே கொடுக்கல் வாங்கலாக எழும் கடமை அன்று அது. ஒருவரின் வலிமையின்மையே மற்றவர்மேல் சுமத்தும் கடமை. வேதிப்பொருளைப் படைக்கும் ஆற்றல் எந்த அளவுக்கு வளர்கிறதோ அந்த அளவுக்கு அதன் விளைவை அறியும் கடனும் வளர்தல் வேண்டும்.

பிறவாதோரை நீதி ஒருமுறை நினைத்தும் மறந்த வரலாற்றைப் போபாலில் காணலாம். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு கசிந்த மெத்தில் ஐசோசயனேட் கருவுற்ற பெண்களையும் தாக்கியது. ஆலையை அடுத்து வாழ்ந்தோரிடை மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றில் 865 கருக்களுள் 43 விழுக்காடு உயிர்ப்பிறப்பாக நிறைவுறவில்லை என அறியப்பட்டது. 1991 அக்டோபரில் இழப்பீட்டு உடன்பாட்டை நிலைநிறுத்திய உச்ச நீதிமன்றம், பின்னர் நோய் வெளிப்படக்கூடியோரையும், வளிக்கு ஆளான தாயர்க்கு இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளையும் கருதி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு எட்டாண்டு மருத்துவக் காப்பீடு செய்யுமாறு நடுவணரசுக்கு ஆணையிட்டது. பிறவாதோர்க்குக் கடன் உண்டு என நீதி ஏற்ற அரிய தருணம் அது. அக்காப்பீடு எடுக்கப்படவே இல்லை என்பதையும் அது பெரும் கவனக்குறைவு என்பதையும் அதே நீதிமன்றம் 2023 மார்ச்சில் குறிப்பிட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கருவுயிரைப் பொறுத்தவரை தீங்கின் தன்மையை அளவு மட்டுமன்றிப் பருவமும் முடிவு செய்கிறது. ஆதலின் வளர்ந்தோரின் நலத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் பாதுகாப்புக் கணக்கு குறையுடையது. தீங்குறுபவர் இன்னார் எனத் தெரியாமை அறக்கடனை நீக்காது. வரவிருக்கும் எவர்க்கும் உரியதாக அதனை விரிவுபடுத்துகிறது. அக்கடன் தாயின்மேலோ ஊழின்மேலோ ஏற்றத்தக்கதன்று. நஞ்சை அறிந்தோ அறிய முயலாமலோ பரப்புவோர்க்கும் அதற்கு இசைவளிப்போர்க்கும் உரியது. தீங்கைக் கண்டிக்கும் மொழி தீங்குற்றவரை இழிவுபடுத்தலாகாது.

இழப்பீடு வேண்டும், அது காலத்தில் வழங்கப்படவும் வேண்டும். ஆயினும் பழந்தமிழர் கழுவாய் எனக் கூறியது செயல் முடிந்த பின் எஞ்சுவது. பிறவாதோர்க்குரிய அறம் செயலுக்கு முன் நிற்பது. முறையிட நாவற்றவர் பொருட்டு, முறையீடு எழுவதற்கு முன்னரே செவிகொடுத்தல் அவ்வறத்தின் தொடக்கமாகும்.